நிச்சயதார்த்த மோதிரத்துக்கு வைரத்தின் வடிவத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி

நிச்சயதார்த்த மோதிரம் வாங்கச் செல்பவர்கள் பெரும்பாலும் எடை, நிறம், தூய்மை ஆகிய மூன்றைப் பற்றியும் நான்கு பேரிடம் விசாரித்துவிட்டுத்தான் கடைக்குள் நுழைகிறார்கள். வடிவத்தை மட்டும், விற்பனையாளர் தட்டை முன்னால் வைத்த பிறகு, கண்ணுக்குப் பட்டதை வைத்து ஐந்து நிமிடத்தில் முடிவு செய்துவிடுகிறார்கள். இந்த வரிசை மாற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எவ்வளவு தூய்மை போதும், நிறத்தில் எதுவரை இறங்கலாம், கல்லை எப்படிப் பதிக்க வேண்டும், ஒரே விலைக்கு விரலில் எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்ற கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் விடை வடிவத்துக்கு வடிவம் மாறுகிறது. ஆகவே வடிவத்தை முதலில் தீர்மானித்துக்கொண்டால் மற்றவை தாமாகவே ஒழுங்குக்கு வந்துவிடும்.

வடிவத்தைத் தீர்மானிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது மோதிரத்தை அணியப்போகும் கையை. கல்லைப் பார்ப்பது அதற்கு அடுத்தபடிதான். ஆரமும் ஒட்டியாணமும் விசேஷ நாள்களில் மட்டும் பெட்டியிலிருந்து வெளியே வருபவை. இந்த மோதிரமோ மாவு பிசையும்போதும், பாத்திரம் துலக்கும்போதும், பேருந்துக் கம்பியைப் பிடிக்கும்போதும், பட்டுப்புடவைக்குக் கொசுவம் வைக்கும்போதும் விரலிலேயே இருக்கப்போகிறது. நாள் முழுவதும் கையுறை மாட்டிக் கழற்றும் மருத்துவர், செவிலியர் ஆகியோருக்கும், ஆய்வகத்திலோ தொழிற்கூடத்திலோ வேலை செய்பவர்களுக்கும், கூர்முனை கொண்ட உயரமான கல் தினமும் ஒரு தொந்தரவாகவே இருக்கும். என் தங்கைக்கு நாங்கள் ஆசையாக வாங்கிய மோதிரத்தில் இருபுறமும் கூர்மையான படகு வடிவக் கல் இருந்தது. இரண்டாம் ஆண்டிலேயே அது கிரைண்டர் கல்லின் விளிம்பில் இடித்து ஒரு முனை உடைந்தது. வைரம் உடையுமா என்று வீட்டில் எல்லோரும் திகைத்துப்போனோம். உலகிலேயே கடினமான இயற்கைப் பொருள், மோஸ் அளவுகோலில் பத்து, என்பதெல்லாம் கீறல் விழாது என்பதற்கான உறுதி மட்டுமே. வைரப் படிகத்துக்கு எளிதில் பிளவுபடக்கூடிய திசைகள் நான்கு உண்டு. அந்தத் திசையில் ஓர் அடி விழுந்தால், அதுவும் மெலிந்த முனையில் விழுந்தால், கல் தெறித்துவிடும். அன்று கடையில் இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, கேட்க எங்களுக்கும் தெரியவில்லை. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதும் அந்த முனைதான்.

பட்டைகள் ஒளியை நடத்தும் விதம்

வடிவங்களுக்கான பெயர்கள் பத்துக்கும் மேல் இருந்தாலும், பட்டை தீட்டும் முறையில் முக்கியமானவை இரண்டு. நடுவிலிருந்து கதிர்கள் பிரிவதுபோல முக்கோணமும் பட்டமுமாகப் பட்டைகளை அமைப்பது ஒரு முறை. அதற்கு பிரில்லியண்ட் என்று பெயர். கோயில் தெப்பக்குளத்தின் படிகள் ஒன்றன் கீழ் ஒன்றாக இறங்குவதுபோல நீண்ட பட்டைகளை இணையாக அமைப்பது மற்றொரு முறை. அது ஸ்டெப் கட். முதலாவது ஒளியைச் சிதறடித்து மினுமினுக்கும். இரண்டாவது, கல்லைத் திருப்பும்போது கண்ணாடியில் வெயில் பட்டதுபோல அகலமான பளிச்சுகளை ஒவ்வொன்றாகத் தரும். இவற்றில் உயர்ந்தது தாழ்ந்தது என்று எதுவும் இல்லை. ஆனால் மினுமினுப்பை எதிர்பார்த்து ஸ்டெப் கட் வாங்கியவருக்குக் கல் உறங்குவதுபோலத் தோன்றும்; அமைதியான அழகை விரும்பி பிரில்லியண்ட் வாங்கியவருக்கு அது ஆரவாரமாகத் தோன்றும். உங்கள் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை, பெயர்களுக்குள் போகும் முன்பே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

ரவுண்டு பிரில்லியண்ட் எனப்படும் வட்ட வடிவம் எல்லா வடிவங்களிலும் அதிகம் ஆராயப்பட்டது. வைரத்தின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 2.42 என்பதால், உள்ளே சென்ற ஒளி சரியான கோணத்தில் அமைந்த அடிப்பட்டைகளில் பட்டால் வெளியே கசியாமல் திரும்பி மேலே வந்துவிடும். அந்தக் கோணங்களை, வைரம் தீட்டும் குடும்பத்தில் பிறந்த பொறியாளரான மார்செல் டோல்கோவ்ஸ்கி கணித முறையில் கணக்கிட்டு 1919-இல் வெளியிட்டார். இன்றைய 57 பட்டை வட்ட வைரங்கள் அந்தக் கணக்கின் வழியில் வந்தவை. அடிமுனையையும் சிறு பட்டையாகத் தீட்டினால் எண்ணிக்கை 58 ஆகும். வட்டத்துக்கு முனையே இல்லாததால் இடிபடும் பயம் குறைவு. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி தெரியும். உள்ளிருக்கும் சிறு புள்ளிகளையும் இலேசான மஞ்சள் சாயலையும் மினுமினுப்பு மறைத்துவிடும். குறை என்று சொன்னால் விலைதான். பட்டை தீட்டாத கல்லை வட்டமாக்கும்போது ஏறத்தாழப் பாதி எடையோ அதற்கு மேலோ தேய்ந்து வீணாகிறது. தேவையும் அதிகம் என்பதால், ஒரே எடை, ஒரே தரம் என்றாலும் மற்ற வடிவங்களைவிட வட்டத்துக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும்.

நீண்ட வடிவங்கள் மூன்று: ஓவல் என்ற முட்டை வடிவம், பேர் என்ற நீர்த்துளி வடிவம், மார்க்கீஸ் என்ற படகு வடிவம். விரல் குட்டையாகத் தெரிகிறது என்று நினைப்பவர்களுக்கு, விரலின் நீளத்தோடு பொருத்திய நீண்ட கல் கையை நீளமாகக் காட்டும். அதே எடையுள்ள வட்டத்தைவிட இவை பெரிதாகவும் தெரியும். இவை மூன்றிலும் கவனிக்க வேண்டிய பெரிய விஷயம் நடுவில் குறுக்கே விழும் ஒரு நிழல். கல்லை நேராகப் பார்க்கும்போது, படுக்க வைத்த உடுக்கையைப் போல இரு பக்கமும் அகன்று நடுவில் ஒடுங்கிய கருமையாக அது தெரியும். வணிகத்தில் அதை ‘போ டை’ என்பார்கள். கல்லைப் பார்க்கக் குனியும் நம் தலையும் உடலும் ஒளியை மறைப்பதாலும், நீளவாட்டில் பட்டைக் கோணங்கள் ஒரே சீராக அமைய முடியாததாலும் அது உண்டாகிறது. சற்றே தெரிந்து, கல்லை அசைத்தவுடன் மறைந்தால் குற்றமில்லை. அசைத்தாலும் கருமை நகராமல் நின்றால் அந்தக் கல்லை வாங்காதீர்கள். சான்றிதழ்களில் பொதுவாக இந்த நிழலுக்கு மதிப்பெண் கிடையாது என்பதால், ஒளிப்படத்தை மட்டும் பார்த்து நீண்ட வடிவத்தை வாங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

இவற்றில் எது என்று கேட்டால், தினசரி உபயோகத்துக்கு ஓவல் என்றே சொல்வேன். கூர்முனை இல்லை, ஆனால் நீளத்தின் அழகு முழுதும் உண்டு. நீர்த்துளிக்கு ஒரு முனையும் படகுக்கு இரு முனைகளும் உள்ளன. அந்த முனைகளில் நிறமும் சற்றுக் கூடுதலாகத் தெரியும். அவையே மனதுக்குப் பிடித்தவை என்றால், முனையை உள்ளடக்கி மூடும் ‘வி’ வடிவப் பிடி வைத்துத்தான் பதிக்க வேண்டும் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். நீர்த்துளியில் இரு தோள்களும் ஒரே சரிவில் இறங்குகின்றனவா, படகில் இரு முனைகளும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்பதைக் கல்லின் நடுவே கோடு கிழித்ததாக எண்ணிப் பாருங்கள். இலேசான கோணலும் மோதிரத்தில் பெரிதாகத் தெரியும்.

சதுர வடிவங்களில் பிரின்சஸ் கூர்மையான நான்கு மூலைகள் கொண்டது, நல்ல மினுமினுப்புடையது. எட்டுமுக வடிவில் கிடைக்கும் கல்லோடு பொருந்திப்போவதால் வீணாவது குறைவு, அதனால் வட்டத்தைவிட மலிவாகவும் கிடைக்கும். மூலைகள்தான் அதன் பலவீனம். நான்கும் பிடிக்குள் பத்திரமாக இருக்க வேண்டும். ரேடியண்ட் அதே சதுரத்தையோ செவ்வகத்தையோ மூலை சீவி அமைப்பது. 1977-இல் ஹென்றி கிராஸ்பார்ட் வடிவமைத்தது. இடிபட்டாலும் தாங்கும் சதுரம் வேண்டுபவர்களுக்கு அது நல்ல தேர்வு. குஷன் என்பது திண்டின் வடிவம், மூலைகள் உருண்டவை, பழைய காலத்துப் பட்டை தீட்டலின் வாரிசு. ஆந்திரத்தின் கொல்லூர்ச் சுரங்கத்திலிருந்து கிடைத்ததாகக் கருதப்படுவதும் இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருப்பதுமான 45.52 காரட் ஹோப் வைரம் இந்தத் திண்டு வடிவம்தான். குஷனும் ரேடியண்டும் கல்லின் நிறத்தை ஆழப்படுத்திக் காட்டுபவை. மஞ்சள் வைரங்களை இந்த வடிவங்களில் தீட்டுவதற்குக் காரணம் அதுவே. வெள்ளைக் கல் வேண்டுவோர் இவற்றில் நிறத் தரத்தை ஒரு படி உயர்த்தி வாங்குவது நல்லது.

தெப்பக்குளப் படிகள் என்று சொன்ன முறையில் முக்கியமானவை எமரால்டும் ஆஷரும். மரகதம் எளிதில் உடையும் கல் என்பதால், அதைத் தீட்ட உருவான மூலை சீவிய செவ்வக முறையே பின்னர் வைரத்துக்கு வந்து எமரால்டு என்ற பெயரைப் பெற்றது. ஆஷர் அதன் சதுர உறவினர். ஆம்ஸ்டர்டாமில் ஜோசப் ஆஷர் 1902-இல் உருவாக்கியது. ரத்தினத் தரமுள்ள கச்சா வைரங்களில் உலகிலேயே மிகப் பெரியதான 3,106 காரட் கல்லினனை 1908-இல் பிளந்ததும் அதே ஆஷர் குடும்பத்தின் நிறுவனம்தான். இந்த வடிவங்கள் தெளிந்த குளம் போன்றவை. நீர் தெளிவாக இருந்தால் அடிவரை தெரியும், ஒரு தூசு கிடந்தால் அதுவும் தெரியும். வட்டத்தில், தூய்மை அளவுகோலில் சிறு குறைகள் உள்ளது என்று பொருள்படும் ‘எஸ்.ஐ.1’ தரக் கல்லிலேயே வெறுங்கண்ணுக்குக் குறை தெரியாமல் தேடி வாங்கிவிடலாம், இங்கே அதற்கு ஒரு படி மேலான ‘வி.எஸ்.2’-க்குக் கீழே இறங்கக் கூடாது, அதிலும் மேல்பட்டைக்கு நேர் கீழே புள்ளி இல்லாத கல்லாகப் பார்க்க வேண்டும். இன்னொன்றையும் மனதில் வையுங்கள்: படிகள் தெரிய இடம் வேண்டும். அரைக் காரட்டுக்குக் குறைவான கல்லில் இந்த அழகு சுருங்கிவிடுகிறது. இருபது, முப்பது சென்ட்டுக்குள் (நூறு சென்ட் ஒரு காரட்) வாங்குபவர்கள் வட்டத்தையோ ஓவலையோ எடுப்பதுதான் கொடுத்த பணத்துக்கு நியாயம்.

இதய வடிவத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சிறிய கல்லில் நடுப்பிளவு தெரியாது, பிடிகள் மறைத்தபின் முக்கோணம்போல ஆகிவிடும். ஒரு காரட்டுக்கு அருகில் போனால்தான் இதயம் இதயமாகத் தெரியும்.

காகிதத்தில் வெட்டி விரலில் வைத்துப் பாருங்கள்

காரட் என்பது எடைதான். ஒரு காரட் 0.2 கிராம், நூறு சென்ட். விரலில் தெரிவதோ மில்லிமீட்டர். நன்கு தீட்டிய ஒரு காரட் வட்டக் கல்லின் விட்டம் ஏறத்தாழ 6.5 மி.மீ. அதே எடையில் ஓவல் ஏறத்தாழ 7.7-க்கு 5.7, படகு வடிவம் 10-க்கு 5, எமரால்டு 7-க்கு 5, பிரின்சஸ் பக்கத்துக்கு 5.5 என்ற அளவில் வரும். அரைக் காரட் வட்டம் 5.1 மி.மீ. அளவிலும், கால் காரட் 4.1 அளவிலும் இருக்கும். எடை பாதியானால் விட்டம் பாதியாவதில்லை என்பதை இந்த எண்களே காட்டும். கடைக்குப் போகும் முன், நீங்கள் எண்ணியிருக்கும் எடைக்குரிய அளவுகளில் வெள்ளைக் காகிதத்தை வெட்டி, அணியப்போகிறவர் விரலில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அகன்ற விரலில் மெலிந்த படகு தொலைந்துபோவதையும், மெல்லிய விரலில் பெரிய சதுரம் இரு பக்கமும் எட்டிப்பார்ப்பதையும் காகிதமே சொல்லிவிடும். செலவில்லாத இந்தச் சோதனையால் எங்கள் குடும்பத்தில் இரண்டு பேர் தம் முடிவையே மாற்றிக்கொண்டார்கள்.

நீண்ட வடிவங்களில் ஒரே பெயருக்குள்ளும் ஒல்லியும் பருமனும் உண்டு. சான்றிதழில் உள்ள நீளத்தை அகலத்தால் வகுத்தால் விகிதம் கிடைக்கும். மேலே சொன்ன ஓவலுக்கு அது 1.35. ஓவலில் 1.35 முதல் 1.5 வரையும், நீர்த்துளியில் 1.45 முதல் 1.75 வரையும், படகில் இரண்டை ஒட்டியும், எமரால்டில் 1.3 முதல் 1.5 வரையும் பெரும்பாலானோர் விரும்புகிறார்கள். இது விருப்பம் சார்ந்ததுதான், சட்டமல்ல. ஆனால் காகிதத்தில் எந்த விகிதம் பிடித்ததோ அதைக் குறித்துக்கொண்டு போனால், கடையில் காட்டும் ஐம்பது கற்கள் ஐந்தாகக் குறைந்துவிடும்.

சான்றிதழ் சொல்வதும் சொல்லாததும்

ஜி.ஐ.ஏ., ஐ.ஜி.ஐ. போன்ற ஆய்வகங்களின் சான்றிதழ் இல்லாத ஒற்றைக்கல்லை வாங்க வேண்டாம். ஆனால் அந்தத் தாளை எப்படிப் படிப்பது என்பதும் வடிவத்தைப் பொறுத்தது. ஜி.ஐ.ஏ. 2006 முதல் வட்டக் கல்லுக்கு வெட்டின் தரத்தையும் மதிப்பிட்டு வழங்கி வருகிறது. வட்டம் வாங்குபவர் அந்த வரியில் ‘எக்ஸலண்ட்’ இருக்கிறதா என்று பார்த்தாலே பாதிக் கவலை தீரும். மற்ற வடிவங்களுக்கான ஜி.ஐ.ஏ. அறிக்கைகளில் நெடுங்காலமாக மெருகும் சமச்சீரும் மட்டுமே மதிப்பிடப்பட்டு வந்துள்ளன. இரண்டுக்கும் ‘எக்ஸலண்ட்’ போட்டிருந்தாலும் கல் மந்தமாக இருக்கலாம். அங்கே உங்கள் கண்ணே அளவுகோல்.

கண்ணுக்குத் துணையாக ஆழத்தைப் பாருங்கள். ஆழம் அதிகமுள்ள கல்லில் எடை இடுப்புக்கு, அதாவது கல்லின் மிக அகன்ற விளிம்புக்கு, கீழே ஒளிந்திருக்கும். எடைக்குப் பணம் கொடுப்பீர்கள், மேலிருந்து பார்க்கும்போது கல் சிறிதாகத் தெரியும். வட்டத்தில் ஆழம் விட்டத்தின் 59 முதல் 62.5 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. மற்ற பெரும்பாலான வடிவங்களில் அகலத்தின் 60 முதல் 70 சதவீதம் வரை வரலாம். ஒரே எடையுள்ள இரண்டு ஓவல்களின் நீள அகலங்களை ஒப்பிட்டாலே எதில் எடை ஒளிந்திருக்கிறது என்பது வெளிப்பட்டுவிடும். முழு எண்ணின் மீதுள்ள மோகத்தையும் விட்டுவிடுங்கள்: ஒரு காரட்டைத் தொட்டவுடன் விலை தாவுகிறது, 95 சென்ட் கல்லுக்கும் அதற்கும் விட்டத்தில் வேறுபாடு 0.1 மி.மீ. அளவே.

கடையின் கூரையிலிருந்து விழும் குவிந்த விளக்கொளியில் எந்தக் கல்லும் ஜொலிக்கும். கல்லை வாசலுக்குக் கொண்டுபோய் வெயில் நேரடியாகப் படாத பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பிறகு சாதாரணக் குழல்விளக்கின் கீழ் பாருங்கள், ஏனென்றால் அந்த மோதிரம் வாழப்போவது அத்தகைய வெளிச்சத்தில்தான். உருப்பெருக்கியைக் கீழே வைத்துவிட்டு, கையை நீட்டினால் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரத்தில் கல்லை வைத்து, மெதுவாக முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள். ஓரம் முதல் ஓரம் வரை ஒளி நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். நடுவில் கீழே உள்ள விரல் தெரியும்படி கண்ணாடிச் சில்லு போன்ற வெற்றிடம் இருந்தால், அந்தக் கல்லில் ஒளி கசிகிறது. நிறத்தைப் பார்க்க, மடித்த வெள்ளைத் தாளின் மீது கல்லைக் கவிழ்த்து வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். நிற அளவுகோல் நிறமற்ற ‘டி’-யில் தொடங்கி எழுத்து வரிசையில் கீழே இறங்கும். மஞ்சள் தங்கத்தில் பதிப்பதாக இருந்தால் ‘எச்’, ‘ஐ’ நிறங்கள்கூட வட்டக் கல்லுக்குத் தாராளமாகப் போதும். பிளாட்டினத்தில் எமரால்டு வடிவம் என்றால் ‘ஜி’-க்குக் கீழே நான் இறங்க மாட்டேன். ஆய்வகத்தில் வளர்த்த வைரத்துக்கும் இவை பெரும்பாலும் பொருந்தும். விலை வெகுவாகக் குறைவு என்பதால் பெரிய எமரால்டு போன்ற வடிவங்களும் அதில் எட்டும் தூரத்துக்கு வருகின்றன. ஆனால் அது ஆய்வகக் கல் என்று சான்றிதழிலும் ரசீதிலும் தெளிவாக எழுதியிருக்க வேண்டும்.

வீட்டுப் பெரியவர்களும் பழைய கற்களும்

நம் குடும்பங்களில் வைரம் வாங்குவது இருவரின் விருப்பத்தோடு முடிந்துவிடுவதில்லை. காகபாதம், களங்கம், விந்து, ரேகை என்று வைரத்தின் குற்றங்களுக்குப் பெயரிட்டு வைத்த மரபு நம்முடையது. கரும்புள்ளி உள்ள கல் ஆகாது என்று இன்றும் எண்ணும் பெரியவர்கள் பல வீடுகளில் இருக்கிறார்கள். கல்லை வாங்கிய பிறகு அவர்கள் மனம் வருந்துவதைவிட, முன்னதாகவே கேட்டுக்கொண்டு, கரும்புள்ளி இல்லாத கல்லாகத் தேர்ந்தெடுப்பது எல்லோருக்கும் நிம்மதி. வடிவத்தைப் பற்றியும் அப்போதே பேசிவிடலாம்.

பாட்டியின் ஏழுக்கல் தோட்டிலிருந்து ஒரு கல்லை எடுத்து மோதிரமாக்கும் எண்ணம் இருந்தால், அதைவிட அருமையான தேர்வு வேறில்லை என்பேன். ‘புளூ ஜாக்கர்’ என்று பெருமையோடு சொல்லப்படும் அந்தக் கற்களின் பெயர் தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கத்தை ஒட்டி வந்தது. பழைய தோடுகளில் கல்லின் பின்புறத்தை மூடிப் பதித்திருப்பார்கள். வெளியே எடுத்த பிறகுதான் உண்மையான எடையும் நிறமும் தெரியும், ஆகவே எடுத்தவுடன் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். கல்லைப் புதிதாகப் பட்டை தீட்டித் தரலாம் என்று யாராவது சொன்னால் நன்றாக யோசியுங்கள். கோஹினூரை 1852-இல் லண்டனில் மீண்டும் தீட்டியபோது ஏறத்தாழ 191 காரட் 105.6 ஆகச் சுருங்கியது. பழைய கல்லின் பருத்த பட்டைகளுக்கு விளக்கொளியில் ஒரு தனி அழகு உண்டு. அதை அப்படியே வைத்து, பின்புறம் திறந்த மோதிரமாகச் செய்வதே நல்லது.

பதிப்பதைப் பொறுத்தவரை, 22 காரட் தங்கம் பிடிகளுக்கு மென்மையானது; 750 முத்திரையுள்ள 18 காரட் தங்கமோ பிளாட்டினமோ தேவை. ஹால்மார்க் நகையில் பொறிக்கும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. குறியீடு தங்கத்தின் தூய்மைக்கு மட்டுமே உறுதி, கல்லுக்கு அல்ல. நாள் முழுதும் கை வேலை செய்பவருக்குக் கல்லைச் சுற்றிலும் தங்க விளிம்பு கட்டிய பதிப்பு மிகப் பாதுகாப்பானது. மாப்பிள்ளையின் மோதிரத்துக்கும், கல்லை வளையத்துக்குள்ளேயே அமிழ்த்திய இத்தகைய வட்டமோ சதுரமோ பொருந்தும். பின்புறம் விரல்நுனியால் தேய்த்துக் கழுவ இடம் இருக்கிறதா என்று பாருங்கள். வைரம் எண்ணெயை விரும்பிப் பற்றிக்கொள்ளும்; சுரங்கங்களில் கிரீஸ் பூசிய மேசைமீது நொறுக்கிய பாறையைத் தண்ணீரோடு ஓடவிட்டு வைரத்தைப் பிரித்ததே இந்தக் குணத்தால்தான். நம் சமையலறையில் ஒரு வாரம் போதும், அடிப்பக்கம் மங்கிவிடும்; வெதுவெதுப்பான சோப்பு நீரும் மென்மையான தூரிகையும் அதைச் சரிசெய்யும்.

மோதிரம் கைக்கு வந்த அன்று, கல்லின் இடுப்பில் சான்றிதழ் எண் பொறிக்கப்பட்டிருந்தால் அதைக் கடையின் உருப்பெருக்கியிலேயே பார்த்து ஒப்பிடுங்கள். பிறகு ஒரு பழைய பட்டுத் துணியை எடுத்து மோதிரத்தின் தலையைச் சுற்றி எல்லாத் திசைகளிலும் மெல்ல உரசுங்கள். எந்த இடத்தில் நூல் மாட்டுகிறதோ அந்தப் பிடியைப் பொற்கொல்லரிடம் காட்டி, அங்கேயே உட்கார்ந்து, நூல் மாட்டாத அளவுக்கு அராவித் தேய்த்து வாங்கிக்கொண்டு புறப்படுங்கள்.